தெரு அரசாங்கத்தின்ர, கூரை வீட்டுக்காரரின்ர

ரொறன்ரோவில் இருக்கிற மாமா ஒவ்வொரு வருசமும் முதல் ஸ்னோ கொட்டுற அன்றைக்கு வட்ஸ்அப்பில் படம் அனுப்புவார். வீட்டு முற்றம், கார், தபால்பெட்டி எல்லாம் வெள்ளையாக மூடிக் கிடக்கும். நாங்களும் வழமைபோல "என்ன வடிவு!" எண்டு பதில் போடுவம். போன மார்கழியில் அப்படிப் போட்ட பதிலுக்கு ஒரு குரல்செய்தி வந்தது: "படத்தில வடிவாத்தான் இருக்கும் பிள்ளை. விடிய அஞ்சு மணிக்கு எழும்பி வழிச்சுத் தள்ளிப் பார், அப்ப தெரியும்."

எங்கட தமிழில் ‘பனி’ என்ற ஒரு சொல்லே எல்லாத்துக்கும் போதும். மார்கழி விடியலில் புல்லில் நிற்கிற ஈரமும் பனி. நுவரெலியாவில் தை மாதத்தில் தேயிலைக் கொழுந்தைக் கருக்கிவிடுவதும் பனி. மாமா வழிச்சுத் தள்ளுறதும் பனி. நாங்கள் கண்ணால் பார்த்த முதல் இரண்டிலும் பாரம் இல்லை. அதனாலோ என்னவோ பனி என்றால் குளிர் என்று மட்டும்தான் எங்களுக்கு மனதில் வருகிறது. பனிநாட்டில் ஆக்கள் எப்படிச் சாகிறார்கள் என்று கேட்டால் விறைத்துச் சாவார்கள், அல்லது மலையிலிருந்து பனி சரிந்து மூடிச் சாவார்கள் என்றுதான் நானும் சொல்லியிருப்பேன். கடந்த சில மாதங்களாக ஜப்பானின் பனிநாட்டு வரலாற்றை வாசித்ததில் அந்தப் பதில் பெரும்பாலும் பிழை என்று விளங்கியது. அங்கே இன்று அதிகம் கொல்வது வீட்டுக் கூரை.

மாமாவின் குரல்செய்தி வந்த நேரம் நான் வாசித்துக்கொண்டிருந்த புத்தகத்தின் தொடக்கத்திலும் ஏறக்குறைய அதே எரிச்சல் இருந்தது. 1837இல் வெளிவரத் தொடங்கிய ‘ஹொகுஎட்சு செப்பு’ என்ற நூல் அது. நான் வாசித்தது ஆங்கில மொழிபெயர்ப்பு. எழுதியவர் சுசுகி பொகுஷி (1770–1842). எச்சிகோ என்று அப்போது அழைக்கப்பட்ட, இன்றைய நீகாட்டா மாகாணத்தில் ஷியோசாவா என்ற சிறு ஊரில் அடைவு பிடித்தும் துணி வியாபாரம் செய்தும் வாழ்ந்தவர். கொஞ்சமாகப் பனி விழுகிற இடத்து மனிசருக்கு அது ரசிக்கிற காட்சி, கவிதை, கூடியிருந்து குடிக்க ஒரு சாட்டு. வருசா வருசம் ஆள் உயரத்துக்கு மேல் கொட்டுகிற எங்கட நாட்டில் அதில் என்ன சந்தோசம் கிடக்கு என்பதுதான் அவருடைய ஆரம்பக் கேள்வி.

இந்தப் புத்தகத்தை அச்சில் கொண்டுவர அவருக்கு ஏறக்குறைய 40 வருசம் பிடித்தது. எடோவில், அதாவது இன்றைய டோக்கியோவில், இருந்த பெரிய எழுத்தாளர்களிடம் கையெழுத்துப் பிரதியையும் குறிப்புகளையும் அனுப்பிக்கொண்டே இருந்தார். சந்தோ கியோதெனிடம் கேட்டார், சரிவரவில்லை. அந்தக் காலத்தின் மிகப் பிரபலமான நாவலாசிரியர் பாக்கினிடம் கொடுத்தார், அவர் வருசக்கணக்காக வைத்துக்கொண்டிருந்தார். கடைசியில் கியோதெனின் தம்பி கியோசான்தான் முன்னின்று வெளியிட்டார். அப்போது பொகுஷிக்கு வயது 67. தலைநகரத்துக்குக் கிராமத்தின் கஷ்டம் போய்ச்சேர எடுக்கிற நேரம் எல்லா நாட்டிலும் ஒரே அளவுதான் போல.

இதற்கு ஐந்து வருசம் முன்னால், 1832இல், பனி பற்றி இன்னொரு புத்தகம் வந்தது. கோகா என்ற பகுதியின் பிரபு தொய் தொஷிட்சுரா உருப்பெருக்கிக் கண்ணாடிக்குள்ளால் பனித்துகள்களைப் பார்த்து 86 வடிவங்களை வரைந்திருந்தார். அந்த ஆறுமூலைப் பூக்கள் கிமோனோவிலும் கோப்பைகளிலும் ஏறி எடோவில் ஒரு மோஸ்தராகவே ஆகிவிட்டன. பொகுஷியும் அந்தப் படங்களில் சிலதைத் தன் புத்தகத்தில் சேர்த்துக்கொண்டார். ஆனால் உடனே அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார்: பனியை அள்ளுகிற வேலை.

மற்ற ஊர்களில் பனியைக் கூட்டுவது, வழிப்பது என்று சொல்வார்கள். எங்கட ஊரில் அதைத் தோண்டுவது என்றுதான் சொல்லுவோம், ஏனென்றால் அது மண் தோண்டுவது மாதிரியான வேலை என்று எழுதுகிறார். யுகிஹொரி, பனி தோண்டல். அதற்கென்று ‘பீச்’ மரத்தில் செய்த மண்வெட்டி மாதிரியான ஒரு பலகைக் கருவி வீட்டுக்கு வீடு இருந்தது. கூரையில் சேர்ந்ததைத் தோண்டி இறக்காவிட்டால் வீடு உடையும். இறக்கினதை எங்கே போடுவது? தெருவில். எல்லாரும் தெருவில் போட, தெரு கூரையை விட உயர்ந்துவிடும். பிறகு எதிர்வீட்டுக்குப் போகப் பனியில் படி வெட்டுவார்கள், அல்லது சுரங்கம் மாதிரி ஓட்டை குடைந்து அதற்குள்ளால் குனிந்து போவார்கள். இந்த விசயத்தை மனதில் வைத்திருங்கள். குளிர்காலத்தில் தெரு என்பது நடக்கிற இடமாக இருக்கவில்லை, கூரைப் பனியைக் கொட்டுகிற இடமாக இருந்தது. நடப்பதற்கு வீடுகளின் முன் தாழ்வாரங்கள் இருந்தன. ‘கங்கி’ என்று சொல்லுவார்கள். ஒவ்வொரு வீட்டுக்காரரும் தன் சொந்தக் காணியில் முன்பக்கத்தை விட்டுக்கொடுத்து, அடுத்த வீட்டுத் தாழ்வாரத்தோடு பொருந்துகிற மாதிரிக் கட்டினார்கள். தகாதா என்ற நகரத்தில் இன்றைக்கும் ஏறக்குறைய 16 கிலோமீற்றர் நீளத்துக்கு இந்தக் கங்கிகள் இருக்கின்றன.

இவ்வளவு பனி ஏன் அங்கே? வரைபடத்தை எடுத்துப் பார்த்தால் நீகாட்டா வடதுருவத்துக்குக் கிட்ட ஒன்றும் இல்லை. அதன் அகலாங்கு 37 பாகை சொச்சம், கிட்டத்தட்ட ஏதென்ஸ் நகரம் இருக்கிற கோடு. குளிர்காலத்தில் சைபீரியாவிலிருந்து வருகிற வறண்ட காற்று, வெப்பமான நீரோட்டம் ஓடுகிற ஜப்பான் கடலைக் கடக்கும்போது ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து, தீவின் நடுவில் நிற்கிற மலைகளில் மோதி அப்படியே கொட்டிவிடுகிறது. மலைக்கு அந்தப் பக்கம் டோக்கியோவில் வெயில். இந்தப் பக்கம் மீற்றர் கணக்கில் பனி. வெப்பநிலை பூச்சியத்தை ஒட்டியே நிற்பதால் அது பஞ்சு மாதிரிப் பனி இல்லை, தண்ணி கலந்த பாரமான பனி. விழுந்து இறுகிய பனி ஒரு கனமீற்றர் 300 கிலோ என்று வைத்துக்கொண்டால், 100 சதுரமீற்றர் கூரையில் ஒரு மீற்றர் உயரத்துக்கு நின்றால் 30 தொன். மரவீட்டின் தலையில் ஒரு சில லொறிகளை ஏற்றி நிறுத்தின மாதிரி.

பொகுஷியின் புத்தகத்தில் மரணங்கள் நிறைய வருகின்றன. எல்லாரும் எடுத்துச் சொல்கிற கதை ஒரு இளம் தம்பதியுடையது. பிறந்த குழந்தையைப் பெண்ணின் தாய்வீட்டுக்குக் காட்டப் போகிற வழியில் பனிப்புயல் பிடித்துவிடுகிறது. அடுத்த நாள் தேடிப்போனவர்கள் இருவரையும் பிணமாகத்தான் கண்டார்கள். தாயின் நெஞ்சுக்குள் குழந்தை மட்டும் உயிரோடு. வாசிக்கிற ஆளைக் கலங்கடிக்கிற கதைதான். ஆனால் எனக்கு அதைவிடப் புதிதாக இருந்தது அவர் எழுதுகிற வெள்ளம். குளிர்காலத்தின் நடுவில், மழையே இல்லாமல் வருகிற வெள்ளம். ஊருக்குள் ஓடுகிற சின்ன வாய்க்காலைப் பனி அடைத்துவிட, போக வழி இல்லாத தண்ணீர் இராவோடிராவாக வீட்டுக்குள் ஏறுகிறது. வெளியே ஓட முடியாது, சுற்றிவரப் பனிச்சுவர். இதை யார் ‘பனி ஆபத்து’ என்ற பட்டியலில் யோசித்து எழுதுவார்கள்? அங்கே பிறந்து வளர்ந்த ஒரு அடைவுகடைக்காரர்தான் எழுதுவார்.

வரலாற்றுப் புத்தகங்களில் இடம் பிடித்தவை பெரிய விபத்துகள். 1918 தை 9ஆம் திகதி ஷியோசாவாவுக்குப் பக்கத்து யுசாவாவின் மிட்சுமாத்தா கிராமத்தை மலைப்பனி சரிந்து மூடியதில் 150 பேருக்கு மேல் செத்தார்கள். 1938 புதுவருசப்பிறப்பன்று தொகாமாச்சியில் அசாஹிசா என்ற படமாளிகையின் கூரை பனிப்பாரத்தில் உடைந்து, உள்ளே படம் பார்த்துக்கொண்டிருந்தவர்களில் 69 பேர் இறந்தார்கள். இவற்றுக்கு நாளும் இடமும் எண்ணிக்கையும் உண்டு. ஆனால் பனிக்காலத்தில் வைத்தியரிடம் போய்ச்சேராமல் செத்தவர்களுக்கு அப்படி ஒரு நாள் இல்லை. அவர்கள் காய்ச்சலில் செத்தார்கள், பிள்ளைப்பேற்றில் செத்தார்கள் என்றுதான் ஊர் சொல்லியிருக்கும்.

யமகோஷி மலைப்பகுதியில் கொமட்சுகுரா என்று ஒரு குக்கிராமம். நோயாளியைப் பக்கத்துப் பள்ளத்தாக்கிலிருக்கிற வைத்தியரிடம் கொண்டுபோக ஒரு மலைக்கணவாயை ஏறிக் கடக்க வேண்டும். நாலு மீற்றர் பனியில் முதுகில் சுமந்துகொண்டு போகிறபோது பாதிவழியில் உயிர் போய்விடும். அரசாங்கம் பாதை போட்டுத் தராது என்று தெரிந்த பிறகு, 1933இல் ஊரார் பிக்கானை எடுத்து மலையைத் தாங்களே குடையத் தொடங்கினார்கள். போர்க்காலத்தில் வேலை நின்றது. பிறகு திரும்பத் தொடங்கி 1949இல் மறுபக்கம் வெளிச்சம் கண்டார்கள். ஏறக்குறைய 900 மீற்றர், முழுவதும் கையால் தோண்டியது. நகயாமா சுரங்கம் என்று பெயர். இன்றைக்கும் போய்ப் பார்க்கலாம். எனக்கு இந்தச் சுரங்கம் ஒரு ஆவணம் மாதிரித்தான் படுகிறது. எத்தனை பேர் அந்தக் கணவாயில் செத்தார்கள் என்று எந்தப் பதிவேடும் சொல்லாவிட்டாலும், பதினாறு வருசம் பாறையைக் கொத்துகிற அளவுக்குச் செத்திருக்கிறார்கள்.

இதே காலத்தில்தான் பனி அரசியலுக்குள் வருகிறது. யமகாத்தா மாகாணத்தைச் சேர்ந்த மட்சுஓக்கா தொஷிசோ என்ற பாராளுமன்ற உறுப்பினர் 1920களின் கடைசியிலிருந்து ஒரே ஒரு விசயத்தைத் திரும்பத் திரும்பப் பேசினார்: வருசத்தில் பாதி பனிக்கடியில் கிடக்கிற வயலுக்கும், வெயில் ஊரில் இரண்டு போகம் விளைகிற வயலுக்கும் ஒரே மாதிரி வரி போடுவது அநியாயம். அவரும் அவரோடு சேர்ந்தவர்களும் ‘செட்சுகாய்’ என்ற சொல்லைத் தூக்கிப் பிடித்தார்கள். செட்சு என்றால் பனி, காய் என்றால் கேடு. கேட்க எளிமையான சொல். ஆனால் அதுவரைக்கும் பனி என்பது விதி, பிறந்த ஊரின் தலையெழுத்து. கேடு என்று பெயர் வைத்தவுடன் அதற்கு நிவாரணம் கேட்கலாம், வரி குறைக்கச் சொல்லலாம், ஆராய்ச்சி செய்யச் சொல்லலாம். 1933இல் ஷிஞ்ஜோ நகரத்தில் பனிநாட்டுக் கிராமப் பொருளாதாரத்தை ஆராய ஒரு அரசாங்க நிலையம் திறந்தார்கள். கொன் வஜிரோ என்ற கட்டடக்கலைஞர் அங்கே ஒரு பரிசோதனைப் பண்ணைவீடு கட்டினார். கூரை மிகச் செங்குத்து. பனி தானாகவே வழுக்கி விழவேண்டும், ஒருவரும் மேலே ஏறக்கூடாது என்பதுதான் யோசனை. 1930களிலேயே யாரோ ஒருவருக்குக் கூரைதான் பிரச்சினை என்று விளங்கியிருக்கிறது!

போருக்குப் பிறகு அந்த யோசனை பின்னுக்குப் போய்விட்டது. முன்னுக்கு வந்தது தெரு. 1956இல் பனிப்பகுதி வீதிகளைக் குளிர்காலத்திலும் திறந்து வைத்திருக்கச் சட்டம் வந்தது. 1962இல் கடும்பனிப் பிரதேசங்களுக்கான விசேட சட்டம். இன்றைக்கு ஜப்பானின் நிலப்பரப்பில் பாதிக்கு மேல் இந்தச் சட்டத்துக்குள் அடங்குகிறது. அது வந்து ஒரு வருசம் ஆகமுன்னமே 1963 தையில் கொட்டிய பனி எல்லாத்தையும் நிறுத்திவிட்டது. நாகாஓக்கா நகரத்தில் 318 சென்ரிமீற்றர். நீகாட்டாவிலிருந்து டோக்கியோவுக்குப் புறப்பட்ட ஒரு கடுகதி ரெயின் நாலு நாளுக்கு மேல் பிந்திப் போய்ச்சேர்ந்தது. நாடு முழுக்க 230 பேர் அளவில் இறந்தார்கள்.

அப்போது நிதியமைச்சர் தனக்கா ககுஎய், அதே நீகாட்டாக்காரர், பிறகு பிரதமரானவர். இரண்டு மாகாணத்துக்கும் நடுவில் நிற்கிற மிகுனி மலையை வெட்டித் தட்டையாக்கினால் பனி டோக்கியோப் பக்கம் போய்விடும் என்று அவர் தேர்தல் மேடையில் பேசினதாக ஒரு கதை இருக்கு. எங்கட அரசியல்வாதிகளைக் கேட்டுப் பழகின காதுக்கு இது பெரிய ஆச்சரியம் இல்லை. மலையை வெட்டவில்லை, ஆனால் துளைத்தார்கள். 1959இல் மிகுனிச் சுரங்கப்பாதை, 1982இல் அதிவேக ரெயின், 1985இல் நெடுஞ்சாலைச் சுரங்கம். தனக்காவின் ஊழல் பற்றி எழுதத் தனிக் கட்டுரை வேண்டும். ஆனால் நோயாளியை முதுகில் சுமந்த சனம் அவருக்கு ஏன் திரும்பத் திரும்ப வாக்குப் போட்டது என்பதை நகயாமா சுரங்கத்தைத் தெரிந்த பிறகு என்னால் இலேசாக எள்ள முடியவில்லை.

நாகாஓக்காவில் 1961 அளவில் இன்னொரு கண்டுபிடிப்பும் வந்தது. வீதியின் நடுவே குழாய் பதித்து, நிலத்தடித் தண்ணீரைச் சின்னத் துளைகளால் பீச்சிப் பனியைக் கரைப்பது. நிலத்தடி நீர் குளிர்காலத்திலும் 13, 14 பாகையில் இருப்பதால் இது வேலை செய்கிறது. இந்த யோசனையைச் சொன்னவராக நினைவுகூரப்படுகிறவர் இமாய் யொசபுரோ, அரிசி நொறுக்குத்தீனி செய்து விற்ற ஒரு வியாபாரி. இப்போது அந்தப் பக்கத்து நகரத் தெருக்கள் எல்லாம் இரும்புத்தண்ணியால் செம்மஞ்சளாகக் கிடக்கும். தண்ணீரை உறிஞ்ச உறிஞ்ச நிலம் தாழ்ந்துபோன இடங்களும் உண்டு. பொகுஷியின் ஷியோசாவாப் பகுதியும் அதில் ஒன்று.

சரி, தெரு திறந்தாயிற்று. கூரை?

முன்பு கூரைப் பனி தெருவுக்குப் போனது. இப்போது தெருவில் கார் ஓடுகிறது, அங்கே போட ஏலாது. வீட்டைச் சுற்றியிருக்கிற சின்ன இடத்துக்குள் இறக்கி, அதை வண்டிலிலோ தள்ளுபலகையிலோ இழுத்து, தண்ணீர் ஓடுகிற பனிவாய்க்காலுக்குள் கொட்ட வேண்டும். அதாவது ஒரே பனியை இரண்டு முறை, மூன்று முறை தூக்க வேண்டும். வைக்கோல் வேய்ந்த கூரைகளும் போய்த் தகரக் கூரைகள் வந்துவிட்டன. தகரத்தில் கால் வழுக்கும். எல்லாத்தையும் விடப் பெரிய மாற்றம், கூரையில் ஏறுகிற ஆள். 1960களில் ஆம்பிளைகள் குளிர்காலத்தில் டோக்கியோவுக்குக் கூலிவேலைக்குப் போய்விட, பனி தோண்டுகிற வேலை வீட்டில் நின்ற பெண்களிடமும் கிழவர்களிடமும் வந்தது. பிறகு இளம் ஆக்கள் முழுதாகவே போய்விட்டார்கள். சனம் ஊரில் தங்கட்டும் என்று போட்ட பாதைதான் அவர்களை ஏற்றிக்கொண்டும் போனது.

2005 மார்கழியிலிருந்து 2006 பங்குனி வரை கொட்டிய பனியில் 152 பேர் இறந்தார்கள். அதற்கு முந்திய பெரிய பனிக்காலமான 1981இலும், காணாமல் போனவர்களைச் சேர்த்தால், அதே 152. தொகை ஒன்றாக இருப்பது தற்செயல்தான். ஆனால் இந்த 25 வருசத்துக்குள் பாதையும் இயந்திரமும் வானிலை எதிர்வுகூறலும் எவ்வளவோ முன்னேறியும் தொகை குறையவில்லை என்பது யோசிக்க வைக்கிறது. 2006இல் இறந்தவர்களில் ஏறக்குறைய நாலில் மூன்று பங்கு பனி அள்ளும்போது இறந்தவர்கள். மூன்றில் இரண்டு பங்கு 65 வயதுக்கு மேற்பட்டவர்கள். மலைச்சரிவில் இறந்தவர்கள் மிகச் சிலர். பிறகு 2010-11, 2011-12, 2012-13 என்று தொடர்ந்து மூன்று குளிர்காலங்களிலும் ஒவ்வொரு முறையும் 100 பேருக்கு மேல்.

எப்படிச் சாகிறார்கள்? புயல் அடிக்கிற நாளில் இல்லை. புயல் விட்டு, வெயில் எறித்து, "இண்டைக்கு நல்ல நாள், கூரையைத் துப்புரவாக்குவம்" எண்டு ஏறுகிற நாளில். வெயிலில் அடிப்பனி இளகித் தகரத்திலிருந்து பிடி விட்டிருக்கும். கால் வைத்தவுடன் ஆளோடு சேர்ந்து முழுப் படையும் சறுக்கும். ஏணியிலிருந்து கூரைக்கு மாறுகிற அந்த ஒரு அடியில் தவறுவார்கள். கூரையின் கரை எது, கரைக்கு வெளியே தொங்குகிற வெறும் பனி எது என்று மேலிருந்து தெரியாது. கீழே தாழ்வாரத்தில் நிற்கிற ஆள் மேல் கூரைப்பனி விழுந்து மூடும். அடியில் பட்ட ஆள் கத்தினாலும் பனி சத்தத்தை உறிஞ்சிவிடும். பனிவாய்க்காலின் மூடியைத் திறந்து கொட்டும்போது உள்ளே விழுவார்கள். பனிவீசும் இயந்திரத்தில் பனி அடைத்தால் எஞ்சினை நிறுத்தாமல் கையை விடுவார்கள். எந்த வெட்டும் காயமும் இல்லாமல் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுகிறவர்களும் உண்டு.

அரசாங்கம் வெளியிடுகிற ஆலோசனைப் பட்டியலில் ஒன்று என்னை நிறுத்தி வைத்தது: கூரைக்கு ஏறமுன்னம் வீட்டைச் சுற்றியிருக்கிற பனியை முழுக்க அள்ளிவிடாதீர்கள், விழுந்தால் மெத்தையாக இருக்கும். துப்புரவான முற்றம்தான் ஆபத்து. இன்னொன்று: தனியே ஏறாதீர்கள், இரண்டு பேருக்கு மேல் சேர்ந்து செய்யுங்கள். நல்ல புத்திதான். ஆனால் பத்து வீட்டில் ஏழு பூட்டிக் கிடக்கிற ஊரில் எண்பது வயது மனிசிக்கு அந்த இரண்டாவது ஆள் எங்கேயிருந்து வருவார்?

அகியாமகோ என்ற பள்ளத்தாக்குக்குப் பொகுஷி 1828இல் நடந்து போய்ப் பயணக்குறிப்பு எழுதியிருக்கிறார். எச்சிகோவிலிருந்தே எட்டாத ஊர் அது, 1780களின் பஞ்சத்தில் சில குடியிருப்புகள் ஆளே இல்லாமல் அழிந்துபோன இடம். 2006 தையில் அதே அகியாமகோ பாதை மூடப்பட்டுத் துண்டிக்கப்பட்டது. பக்கத்து ட்சுனானில் அந்த மாசி மாதம் பனி 4 மீற்றரைத் தாண்டியது. தொலைக்காட்சிக்காரர் போனார்கள், இராணுவம் போனது. பள்ளத்தாக்கின் மறுபாதி சகாஎ கிராமத்துக்குச் சொந்தம். அந்தக் கிராமம் 1970களிலேயே வேறு ஒரு முடிவு எடுத்திருந்தது: முதியவர்களின் கூரையில் ஏறுவதற்குக் கிராமச்சபையே குளிர்காலத்துக்கு ஆள் வைத்துச் சம்பளம் கொடுப்பது. பெரிய தொழில்நுட்பம் ஒன்றும் இல்லை. கூரையையும் தெரு மாதிரிப் பொதுவேலை என்று நினைத்தார்கள், அவ்வளவுதான். கங்கி கட்டின சனத்துக்கு இது புது யோசனையாக இருந்திருக்காது. மற்ற இடங்களிலும் இதைப் போன்ற ஏற்பாடுகள் பிறகு வந்தன. ஆனால் பொதுவாகத் தனியார் கூரை தனியாரின் பொறுப்பு என்பதுதான் நாட்டின் நிலைப்பாடாக நீண்டகாலம் இருந்தது. சட்டத்தைத் திருத்தி பூட்டிக் கிடக்கிற வீடுகளின் பனியைப் பற்றிப் பேச 2012 ஆகிவிட்டது. பனி அள்ளும்போது நடக்கிற விபத்துகளைத் தடுப்பது பற்றிச் சேர்க்க 2022.

தெருவிலும் எல்லாம் முடிந்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2018 மாசியில் ஃபுகுய் மாகாணத்தின் 8ஆம் இலக்க நெடுஞ்சாலையில் 1,500 வாகனங்கள் அளவில் பனியில் இறுகி நின்றன. குளிருக்கு எஞ்சினை ஓடவிட்டுக் காருக்குள் இருப்பார்கள். பின்னால் புகைக்குழாயைப் பனி மூடிவிட்டால் புகை உள்ளே திரும்பும். கார்பன் மொனொக்சைட்டுக்கு மணமில்லை, நிறமில்லை. நித்திரை வருகிற மாதிரி இருக்கும். அந்தப் பனிநாட்களில் அந்த மாகாணத்தில் அப்படியும் இறந்தார்கள். 2020 மார்கழியில் திரும்ப அதே காட்சி, இந்த முறை டோக்கியோவையும் நீகாட்டாவையும் இணைக்கிற கன்எட்சு அதிவேகப்பாதையில். 2,100 வாகனங்கள் வரை, இரண்டு நாளுக்கு மேல். இடத்தின் பெயரைப் பார்த்தபோது ஒரு நிமிசம் சிரிப்பு வந்தது, பிறகு வரவில்லை. ஷியோசாவாவுக்குப் பக்கம்.

ஷியோசாவாவில் இன்று பொகுஷிக்கு ஒரு நினைவு அருங்காட்சியகம் இருக்கிறது. பக்கத்து யுசாவாவில் கவபாத்தாவின் ‘பனிநாடு’ நாவலைத் தேடிச் சுற்றுலாக்காரர் வருகிறார்கள். டோக்கியோவிலிருந்து வருகிற, வேலை வெட்டி இல்லாத ஒரு பணக்காரனின் கண்ணால் பார்க்கிற பனி அது. நாவலில் பனியில் விரித்து வெளுக்கிற சிஜிமித் துணி பற்றி வருகிற பகுதிக்குக் கவபாத்தா எடுத்துக்கொண்டது பொகுஷியின் புத்தகத்தைத்தான். நல்ல நாவல், மறுக்கவில்லை. கூரையில் ஏறுகிற ஆள் அதில் என் கண்ணில் தங்கவில்லை என்பது மட்டும்தான்.

மேலே மலைக்கிராமங்களில் உரிமைக்காரர் டோக்கியோவிலோ ஒசாக்காவிலோ இருக்கிற வெறும் வீடுகள் வருசா வருசம் கூடுகின்றன. அவற்றின் கூரையில் ஏற ஒருவரும் இல்லை. முதல் இரண்டு மூன்று குளிர்காலம் தாங்கும். பிறகு முகட்டுவளை தொய்யும், தாழ்வாரம் ஒரு பக்கம் சாயும். அந்தச் சாய்வு பெரும்பாலும் பக்கத்து வீட்டுப் பக்கம்தான் இருக்கும், ஏனென்றால் வீடுகள் நெருக்கமாகக் கட்டப்பட்டவை. பக்கத்து வீட்டில் இன்னும் இருக்கிறவர், தன்னுடைய கூரையை முடித்துவிட்டு, பலகையோடு அந்த ஏணியைத் தூக்கிக்கொண்டு அங்கே போகிறார்.